நூற்றிருபது

"அண்ணே, நீங்க எஞ்சின் வேகத்தைக் கூட்டுற ரேசிங் சிடிஐ பெட்டி போட்டதுல இருந்து மோட்டார் பறக்குது லா. நேத்து காப்பார் ரோட்டுல மீட்டர் நூத்திருபது காட்டுச்சு," என்றான் கனகலிங்கம்.

மோட்டார் சைக்கிள் மெக்கானிக் கௌஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "சந்தோஷம், தம்பி."

"ஒரு டவுட்டு. அந்த ஸ்பீட்லயும் நம்ம தெருவுல ரொட்டி விக்கிறவர் பின்னால ரொட்டிப் பெட்டியைக் கட்டிக்கிட்டு என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போறாரு. அவர் மோட்டாருக்கு என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலையே."

"மறைக்காதீங்கண்ணே. எனக்கும் அதையே போடுங்க."

"சரி, விட்டுட்டுப் போங்க."

அவன் போனதும் கௌஸ் அவன் மனைவி மீனலோசனிக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, நீ சொன்ன மாதிரி நான் எஞ்சினைத் தொடவே இல்ல. மீட்டரை மட்டும்தான் ஏத்தி வச்சேன். இப்ப இன்னும் வேகம் கேக்குறாரு. நூத்தம்பது காட்டட்டுமா?"