நாலரைக்கு முன்

மணி நாலேகால். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாலரைக்கு ராகுகாலம்.

கெலிஓயாவில், பெண் வீட்டு வாசலில், சுந்தரலிங்கம் மறுபடியும் சாவியைத் திருப்பினான். கார் முனகக்கூட இல்லை.

"நாலரைக்குள்ள இந்த வாசலத் தாண்டலேன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்டா. சகுனம் சரியில்ல." பின்சீட்டிலிருந்து அம்மா பாலம்மா, வெளியே நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்.

அவனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. எத்தனையோ வீட்டு வடைக்குப் பிறகு, முதல் தடவையாகப் பிடித்திருந்தது.

பெண்ணின் அப்பா ராஜலிங்கத்துக்குக் காரைப் பிடித்திருந்தது.

கண்டியில் மாநகரசபை உத்தியோகம், சொந்தக் கார் என்று தரகர் சொல்லியிருந்தார். உத்தியோகம் உண்மை. கார் சிநேகிதன் வீரசிங்கத்தினுடையது. காலையில் அவனே ஸ்டார்ட் பண்ணி, ஓடிக்கொண்டிருந்த வண்டியைத்தான் கொடுத்தான். நிறுத்தினால் கியரைப் பார்க்கில் போடு என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

எதிர்க் கராஜிலிருந்து மஹ்மூத் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"பொனட்டத் தொறங்க, தம்பி."

சுந்தரலிங்கம் காலடியில் எதையோ இழுத்தான். பெட்ரோல் மூடி திறந்தது. இன்னொன்றை இழுத்தான். டிக்கி திறந்தது.

"பொனட் முன்னால," என்றார் மஹ்மூத்.

ராஜலிங்கம் சிரித்தார். "மாப்பிள்ளைக்குப் பதட்டம். இருக்கத்தானே செய்யும்."

ஹோர்ன் அடித்தது. லைட் பளிச்சென்று எரிந்தது. பெட்டரியில் குறையில்லை. மஹ்மூத் வயர்களை ஆட்டிப் பார்த்தார். ஸ்பானரால் செல்ப் மோட்டரைத் தட்டினார்.

"செல்புக்குக் கரண்டே வருதில்ல. முந்தி இப்படிச் செஞ்சிருக்கா?"

"ஒருநாளும் இல்ல."

"எத்தன வருஷமா ஓட்டுறீங்க?"

"ரெண்டு."

"ரெண்டு வருஷம் ஓட்டின உங்களுக்கே தெரியாட்டி, இனி வண்டிக்கிட்டதான் கேக்கணும்."

வாசலில் கூடியிருந்த சனம் சிரித்தது. சுந்தரலிங்கத்துக்குக் காது சுட்டது.

"மாப்பிள்ளைக்கு வேர்த்துப் போச்சு. தண்ணி குடும்மா," என்றார் ராஜலிங்கம் மகளிடம்.

சந்திரிகா கிளாஸுடன் வந்தாள். தேநீர்த் தட்டைப் பிடித்திருந்தபோது நிமிராதவள் இப்போதும் நிமிரவில்லை. குனிந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். பொனட்டுக்குள் மஹ்மூத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பார்க்ல எடுக்காது," என்றாள், தண்ணீரைப் பார்த்து. அவனுக்கு மட்டும் கேட்டது. "நியூட்ரல்ல போட்டு எடுங்க. எப்பவும் அப்பிடித்தான்."

அவள் விலகினாள். அவன் மஹ்மூத்தைக் கையை எடுக்கச் சொன்னான். கியரை மாற்றிச் சாவியைத் திருப்பினான்.

கார் ஸ்டார்ட் ஆனது.

மஹ்மூத் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். "தட்டுற எடத்துல தட்டணும்."

"நல்ல சகுனம்," என்று பாலம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னும் நேரம் இருக்கு."

எப்பவும். வீரசிங்கத்தின் காரில், எப்பவும்.

அந்த ஒரு சொல்லை மட்டும் அவளிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்பதானால், முதலில் கார் தன்னுடையதல்ல என்று சொல்ல வேண்டும்.

அது, கார் கேட்டுக்குள் நுழைந்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் பின்னால் நின்று, முதல் தடவையாக நிமிர்ந்து, அவனைப் பார்த்தாள்.

ராஜலிங்கம் ஜன்னலில் கையூன்றிக் குனிந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கடிதம் போடுறோம், தரகர்க்கிட்ட சொல்றோம்ங்கிற கதையெல்லாம் வேணாம் தம்பி. நல்ல நேரத்துலயே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. எங்க புள்ளயப் புடிச்சிருக்கா?"