டவலுக்குள் முனகல்

ஏழு வாரம் முந்திப் பிறந்த குழந்தையைச் சுற்றியிருக்கும் டர்க்கி டவலை நர்ஸ் ஷீபா பிரிக்கிறாள். குழந்தைக்குச் சூடு தரும் வார்மரின் செவ்வெளிச்சத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து மீள்கிறது. மூச்சை விடும்போதெல்லாம் ஒரு சின்ன முனகல். டாக்டரைக் கூப்பிட ஆளை அனுப்பிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து மூச்சை முழு நிமிடம் எண்ணுகிறாள். ஆத்திரத்தில் எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொள்கிறாள். எழுபத்தெட்டு. அறுபதைத் தாண்டினாலே ஆபத்து. குழந்தை பிறந்த நர்சிங் ஹோம் கொடுத்தனுப்பிய சீட்டில் மூச்சு 'நார்மல்' என்றிருக்கிறது. டவலைப் பிரித்தே பார்க்காத கை எழுதிய சீட்டு. மூக்கில் ஆக்சிஜன் குழாயைப் பொருத்திக்கொண்டே, "எப்பலேர்ந்து முனகுது?" என்கிறாள். குழந்தையின் அப்பா ஜெபர்சன் ஒரகடம் கார் கம்பெனி யூனிஃபார்மிலேயே நிற்கிறான்.

"காலைலேர்ந்து சிஸ்டர். அங்கயே சொன்னேன். கொழந்தைன்னா சிணுங்கும், நீ இன்னா டாக்டரான்னு கேட்டாங்க." அவன் கவனம் முனகலை விட்டு நகரவில்லை. "கம்பெனில எனக்கு வேலையே இன்ஜின் சத்தம் கேக்கறதுதான். லேசா மாறினாலும் பட்டனை அழுத்தி மொத்த லைனையும் நிறுத்திடுவேன். அங்க எதை அழுத்தறதுன்னு தெரியல சிஸ்டர்."