மாட்டிக்கொண்ட போன்

காலையில் வெளியான அப்டேட், மதியத்துக்குள் புரோகிராமரின் கழுத்தைப் பிடித்துவிட்டது.

சர்க்கரை நோயாளிகள் தினசரி அளவைக் குறித்துவைக்கும் ஆப் அது. பழைய வெர்ஷனில் இருந்தவர்கள் அப்டேட் செய்து திறந்தால், மறுநொடியே மூடிக்கொண்டது. பழைய குறிப்புகளைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றும் இடத்தில்தான் கோளாறு. ஆபீஸ் போன்களிலோ எல்லாம் புதிதாக ஏற்றிய ஆப். அவற்றில் கோளாறு தலைகாட்டவே இல்லை.

“அழிச்சிட்டு மறுபடி போடச் சொல்லிடட்டுமா சார்?” என்றான், அழாக்குறையாக.

“சொன்னே, உன் வேலை போயிடும்!” மேனேஜர் மேசையைக் குத்தினார். “நாலு வருஷக் குறிப்பெல்லாம் அதோட போயிடும்யா!”

“அப்போ மாட்டிக்கிட்ட போன் ஒண்ணாவது என் கைக்கு வரணும் சார்.”

புகார்ப் பக்கத்தில் ‘நொந்தவன்’ என்ற பெயரில் ஒருவர் காலையிலிருந்து பதினேழு தடவை திட்டியிருந்தார். அவருக்கே எழுதினான்: ‘ஐயா, உங்கள் காலில் விழுகிறேன். போனை ஒரு மணி நேரம் கொடுங்கள். எங்கே இருந்தாலும் ஓடி வருகிறேன்.’

அனுப்பியதுமே மேனேஜரின் சட்டைப்பையில் ‘டிங்’ என்றது.

எடுத்துப் படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நேற்று ஆபீஸில் வெட்டிய கேக்கில் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்ற மனிதர், போனை மெல்ல அவன் முன்னால் வைத்தார்.

“எங்கயும் ஓட வேணாம்,” என்றார். “சத்தமில்லாம சரிபண்ணிக் குடு. நாலு வருஷமா வீட்டுல கூடச் சொல்லலய்யா.”