யாரும் கேமராவை அணைக்கக் கூடாது

"கேமராவை யாரும் அணைக்கக் கூடாது" என்றார் எலியேசர், சிலி நாட்டின் இக்கிக்கே நகரக் கிளையின் மேலாளர். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியர்களின் முகங்கள் திரையில் இறுகிப்போயிருந்தன.

"மில்லராய், போன வாரம் வெளியூர்ல இருந்துகிட்டு வேலை பார்த்திருக்கே. ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? நான் ஒருத்தன் தினமும் ஆபீஸ்ல தனியா காவல் காக்குறேன். இன்னையோட உனக்கு வேலை இல்ல."

மில்லராய் சட்டென்று எழுந்தாள். இன்னொரு ஊழியன் ஓஸ்வால்தோவும் எழுந்தான். ஒவ்வொருவராக நாற்காலியைத் தள்ளிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார்கள்.

எலியேசருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"கூட்டு சேர்ந்து மிரட்டுறீங்களா? போறவன் எவனும் திரும்பி வர வேண்டாம்."

மில்லராய் மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தலைக்கு மேலே விளக்கு ஊஞ்சலாக ஆடியது. அலமாரியிலிருந்து தட்டுகள் விழுந்து நொறுங்கின.

"சார், வழக்கமா வர்ற குட்டி நிலநடுக்கம் இல்ல இது. ஊரே குலுங்குது. உங்க பின்னாடி தெரியுற ஆபீஸ்ல ஒரு காகிதம்கூட அசையலையே, நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க?"

தெற்கே வெகுதூரத்தில், ஏரிக்கரை விடுதி அறையில், ஆபீஸ் படத்தைப் பின்னணியாகப் போட்டுவைத்திருந்த எலியேசர், கேமராவை அணைத்தார்.