செம்பில் மொண்ட நீர்

"ஆத்துத் தண்ணி வேண்டாம், மச்சான். குழாய்த் தண்ணியில கொடுங்க."

போதகர் செம்பைத் துடைப்பதை நிறுத்தவில்லை. எதிரே தங்கையின் கணவர். அவரருகே, ஆறு மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி தங்கை. மறுநாள் குழந்தைக்கு ஞானஸ்நானம். அன்று காலை ஆற்றில் மொண்ட நீரைக்கொண்டே அதைக் கொடுப்பது அந்தச் சபையின் நூறாண்டு வழக்கம்.

"உங்களுக்கும் இதே செம்புதான், மாப்பிள்ளை. எனக்கு அப்ப அஞ்சு வயசு. மீந்த தண்ணியை நான்தான் குடிச்சேன். கோயிலுக்குள்ள இப்படியான்னு அம்மா முறைச்சாங்க. பழைய போதகர் சிரிச்சுக்கிட்டே இன்னொரு வாய் ஊத்தினார்."

"அந்தத் தண்ணி வேற."

வேறுதான். அந்நாளில் ஆற்றுக்கு நிறமில்லை. பாலத்தடியில் இருவரும் குளிக்கும்போது, இடுப்பளவு நீரிலும் கால்விரல்களை எண்ணலாம். கரையேற மனம் வராது. இப்பொழுதோ சாய ஆலை திங்களன்று சிவப்பையும் வியாழனன்று நீலத்தையும் ஆற்றில் கொட்டுகிறது. கேட்பாரில்லை. கரையோரக் குடிசைப் பிள்ளைகளின் கைகால்களில் ஆறாத புண். சபையார்தாம் துணிந்து வழக்குத் தொடுத்தனர். வரும் திங்கட்கிழமை விசாரணை.

"பச்சைப் பிள்ளைத் தோல், மச்சான். மூணு கை தண்ணி போதும், வெந்துடும்."

"குடிசைப் பிள்ளைங்களுக்கு மட்டும் என்ன, தகரத் தோலா?"

தங்கையின் கணவர் தலைகுனிந்தார்.

"விடுங்கண்ணா," என்றாள் தங்கை. "இவர் நாலு நாளாச் சரியாத் தூங்கலை. தொட்டிலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

போதகர் பதிவேட்டை விரித்தார்.

"சரி, குழாய்த் தண்ணியிலயே கொடுக்கறேன். ஆனா விதி தெரியுமில்ல? ஆத்துத் தண்ணி வேண்டாம்னா, பெத்தவங்க காரணத்தைக் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடணும்."

நூறாண்டுகளில் அப்படி எழுதியவர் இருவரே. ஒருவர் வெள்ளம் என்றும், மற்றவர் வறட்சி என்றும் எழுதியிருந்தனர்.

"குழந்தைக்குச் சளின்னு எழுதிடறேனே."

"எங்க சளி? கொஞ்சம் முன்னாடி என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா, கண்ணாடியையும் பறிச்சா. சபைப் பதிவுல பொய் எழுத விடமாட்டேன், மாப்பிள்ளை. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். யார் கேட்டாலும் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன். திங்கக்கிழமை நீதிபதி கேட்டாலும். யோசிச்சுக்குங்க. இல்லைன்னா, காலையில ஆத்துல மொண்டுக்கலாம்."

தங்கையின் கணவர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். குழந்தை கைநீட்டி அவருடைய சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டது.

'ஆற்று நீரில் சாய ஆலையின் நஞ்சு கலந்துள்ளது. அது குழந்தையின் மேல் படலாகாது' என்று எழுதி, அவர் ஒப்பமிட்டார்.

போதகர் மை உலரும்வரை காத்திருந்தார். பிறகு, வழக்குக் கோப்பிலிருந்து ஆலை நிர்வாகம் தாக்கல் செய்திருந்த சான்றிதழை உருவிப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தார்.

'ஆற்று நீர் தூயது. குழந்தைகளும் குளிக்கலாம்' என்றிருந்த அந்தத் தாளின் அடியில், ஆலையின் தலைமை வேதியியலாளர் என்ற இடத்தில், அதே ஒப்பம் இருந்தது.