இடது பிரேக் லைட்

“மறுபடியும் ஃபெயிலா? வேலை தெரிஞ்சுதான் கடை வச்சிருக்கீங்களா அண்ணாச்சி?”

நடுக்கடலில் ஏதோ ஒரு கப்பலில் இருந்து கத்தினான் ரெக்சன். போனைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடித்துக்கொண்டார் லிங்கராஜ்.

காருக்குப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். கப்பல் ஏறும் முன் ரெக்சன் ஆசையாகக் கறுப்புக் கண்ணாடி வைத்த டெயில் லைட்டும், நீலமாக ஓடுகிற இண்டிகேட்டரும் வாங்கி மாட்டியிருந்தான். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டருக்குத்தான் பிடிக்கவில்லை.

“பின்னாடி சிவப்பு எரியணும், இண்டிகேட்டர் மஞ்சளா மின்னணும். இது காரா, கல்யாண வீடா?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம்தான் கார் லிங்கராஜிடம் வந்தது. சிவப்புக் கண்ணாடி, மஞ்சள் பல்பு, புது வயர் என்று எல்லாவற்றையும் சட்டப்படி மாற்றினார். எரிய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை வீட்டில் விட்டார். மறுநாள் ஓட்டிப் போய்க் காட்டினால், இடது பிரேக் லைட் எரியவில்லை. சாக்கெட் லூஸ் என்று நினைத்து அதையே புதிதாக மாற்றினார். மறுவாரம் போனால், அதே இடது பிரேக் லைட்.

புதுக்கோட்டை ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாகக் கார் வயரிங் கடை வைத்திருக்கிறவர். ‘நான் மாட்டின வயரை நானே வந்தாத்தான் கழட்ட முடியும்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடிப்பவர். அவரைப் பார்த்து, “அண்ணாச்சிக்கு வயசாயிட்டோ?” என்று இன்ஸ்பெக்டர் கேட்க, சுற்றி நின்ற டிரைவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

“வெள்ளிக்கிழமைதான் கடைசி. அன்னைக்கும் எரியலன்னா, உங்க கடைக்கு யாரும் போகாதீங்கன்னு எங்க ஆளுக குரூப் பூராவும் போட்டுருவேன்” என்று சொல்லி வைத்துவிட்டான் ரெக்சன்.

வெள்ளிக்கிழமை காலையில், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ரெக்சன் வீட்டுக்குப் போய்விட்டார் லிங்கராஜ். அங்கே இருப்பது அவன் அம்மா பிளாரன்ஸ் மட்டும்தான். சாவியை வாங்கி டிக்கியைத் திறந்து, ஓரத் தகட்டை விலக்கிப் பார்த்தார்.

பிரேக் லைட்டின் சாக்கெட் தனியாகத் தொங்கியது.

“யக்கா, இதை யாரோ கழட்டியிருக்காங்க.”

“எலியா இருக்கும் தம்பி.”

“எலி கடிக்கும்க்கா. நகத்தால லாக்கை அமுக்கிக் கழட்டாது.”

பிளாரன்ஸ் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார்.

“நான்தான் கழட்டினேன்.”

லிங்கராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏன்க்கா? ஆபீசுல அத்தன பேரும் என்னைப் பாத்துச் சிரிக்கான். உங்க மவன் என்னை ஏமாத்துக்காரன் மாதிரி பேசுதான். நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல தம்பி. அவன் கப்பல் ஏறி ஒம்பது மாசமாச்சு. மாசத்துக்கு ரெண்டு போன் வரும். ‘மாத்திரை போட்டீங்களா, டியூட்டி இருக்கு, வைக்கேன்’. அவ்வளவுதான். லைட்டு சரியில்லன்னு காரைத் திருப்பி அனுப்புனதுல இருந்து தினம் கூப்பிடுதான்.”

“தினமுமா?”

“ஆமா. வீடியோ கால் போட்டு, போனைக் காருக்குப் பின்னால கேட்டுல சாச்சு வைக்கச் சொல்லுவான். நான் உள்ள ஏறி பிரேக்கை மிதிப்பேன். ‘மிதிங்கம்மா... விடுங்கம்மா... இன்னொருக்க மிதிங்கம்மா...’ அவனுக்கு லைட்டுதான் தெரியும், என் முகம் தெரியாது. எனக்கும் அவன் முகம் தெரியாது. ஆனா சத்தம் கேக்கும்லா. எரிஞ்சா ரெண்டு நிமிசத்துல வச்சிருவான். எரியலன்னா விட மாட்டான். நேத்து நாப்பது நிமிசம் தம்பி!”

அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க லிங்கராஜுக்குப் பாவமாக இருந்தது.

“அடிக்கடி போன் பண்ணுன்னு அவங்கிட்ட நேரா சொல்ல வேண்டியதுதான?”

“கேட்டு வாங்குனா அது கடமைக்குப் பேசுதது. அவனா ‘ம்மா, ம்மா’ன்னு கூப்பிடணும். அதுக்குத்தான் மனசு கெடந்து அடிச்சுக்கிடுது.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மாட்டிரு தம்பி. இன்னைக்கு உன் பேரு கெடக் கூடாது. அவங்கிட்ட மட்டும் சொல்லிராத.”

சாக்கெட்டை அழுத்தி மாட்டினார் லிங்கராஜ். இரண்டு பக்கமும் பளிச்சென்று சிவந்தது. பத்து மணிக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேப்பரை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ரெக்சன் போன் செய்துவிட்டான்.

“பாஸா? அப்பாடா! கடைசியில என்னதான் கோளாறு அண்ணாச்சி?”

அன்றைக்குச் சிரித்த டிரைவர்கள் பக்கத்தில்தான் நின்றார்கள். உண்மையைச் சொன்னால் போன மானம் அந்த நிமிஷமே திரும்பி வந்துவிடும்.

“என் தப்புதான் தம்பி. சாக்கெட்டைச் சரியா அமுக்காம விட்டுட்டேன்.”

“நான்தான் அன்னைக்கே சொன்னேம்லா! போகட்டும், இதோட தொல்லை விட்டுது.”

“அப்படி விட்டுற முடியாது தம்பி. தினம் ஒருக்க அம்மாவைக் கூப்பிட்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பாருங்க. எரியுதுன்னு உடனே வச்சிராதீங்க, சூடு ஏறுனாத்தான் கோளாறு தெரியும். ஒரு அரை மணி நேரமாவது பேசிக்கிட்டே பாருங்க.”

“தினமுமா? எத்தன நாளைக்கு அண்ணாச்சி?”

“நீங்க ஊருக்கு வார வரைக்கும். என் வேலையை நம்பி மட்டும் இருந்திராதீங்க தம்பி.”