டாக்டர் பூனையுடன் சந்திப்பு

சோதனை நோயாளியின் தொலைபேசி எண் கேட்ட கட்டத்தில், வழக்கம்போல அண்ணனின் எண்ணைத் தட்டினாள்.

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அது. அப்பாவின் காரியத்துக்கு அவள் ஒரு நாள் பிந்தி வந்ததிலிருந்து, அழைத்தால் அவன் எடுப்பதில்லை.

அவள் எழுதிக்கொண்டிருந்தது, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துத் தரும் மென்பொருள். எழுதியதை நேரே மக்கள் முன் வைத்துவிட முடியாது. முதலில் ஒரு கன்டெய்னர். சர்வருக்குள்ளேயே நொடியில் எழும்பும் லேசான பெட்டி அது. உள்ளே போட்டு ஓட்டிப் பார்க்கலாம். ஆனதும் ஆகாததும் பெட்டியோடு. பிறகு தடயமில்லாமல் அழித்துவிடலாம்.

மாதக்கணக்காக அவள் கட்டியதும் இடித்ததும் அப்படித்தான்.

டாக்டர் பெயருக்குப் 'பூனை' என்று போடுவாள். சின்ன வயதில் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர். முகவரிக்குத் தன் அலுவலகம்.

'டாக்டர் பூனையுடன் நாளை காலை பத்து மணிக்குக் கீழ்க்கண்ட முகவரியில் சந்திப்பு. தவறாமல் வரவும்.'

குறுஞ்செய்தி அனுப்பியாயிற்று என்று திரை பச்சை காட்டியது. எப்போதும் காட்டுவதுதான். பெட்டியைத் தாண்டாது, கிணற்றில் போட்ட கல் என்றே நினைத்திருந்தாள்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பெட்டியக் கட்டினே சரி, கதவ யாரு சாத்துவா? நெட்வொர்க் தொறந்தே கெடக்கு. நீ அனுப்புறதெல்லாம் நிஜமாவே வெளிய போயிட்டிருக்கு!"

கதவைச் சாத்தும் அந்த ஒரு வரி இல்லைதான். முதல் பெட்டியிலேயே விட்டுப்போயிருந்தது. மற்றவை எல்லாம் அதன் நகல்கள்.

அண்ணன் திட்டியிருப்பான். இந்நேரம் அந்தச் செய்திகளைத் தடை செய்திருப்பான்.

பெட்டியை அழித்தாள். பிறகு கீழே இறங்கிப் போய், டாக்டரைத் தேடி யாராவது வந்தார்களா என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அய்யோ, அந்த ஆளாக்கா? டாக்டர் பூனை இருக்காங்களான்னு மாசக்கணக்கா வந்துட்டிருக்காரு. இது ஆஸ்பத்திரியே இல்ல சார்னு ஒவ்வொரு வாட்டியும் சொல்றேன். சரிம்மா, அடுத்த தடவ பாத்துக்கறேன்னுட்டுப் போயிடுறாரு."

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் மாடிக்குப் போகவில்லை. வரவேற்பறை நாற்காலியில், வாசலைப் பார்த்தபடி, நோயாளியைப் போல உட்கார்ந்திருந்தாள்.